முதுகைப் பார்த்தாலே தெரியும்

ஆடுகிறவனின் முதுகைப் பார்த்தே அவன் என்ன கேம் ஆடுகிறான் என்று சொல்லிவிடுவேன். 2000-களின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு ப்ரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபோது வந்த பழக்கம் இது. பெயர்தான் ப்ரவுசிங் சென்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மெயில் பார்க்க வருகிறவர்களைவிட கேம் ஆட வருகிறவர்கள்தான் அதிகம். ப்ளைவுட் தட்டி வைத்து மறைத்த கேபின்கள். கல்லாவில் இருந்து பார்த்தால் தலையும் தோளும் மட்டும் தெரியும். தோள் இரண்டும் காதுவரை ஏறி, நாற்காலி நுனியில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அது சுடுகிற கேம். நன்றாகச் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, திடீரென்று பக்கத்துக் கேபினை எட்டிப் பார்த்து "டேய், உங்கிட்ட எத்தன யானை இருக்கு?" என்று கேட்டால் அது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். முதுகு அசையவே இல்லை, ஆள் மூச்சு விடுகிறானா என்றே தெரியவில்லை என்றால், பயல் யாருக்கும் தெரியாமல் எதிரி முகாமுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ஆக்‌ஷன், ஸ்ட்ராட்டஜி, ஸ்டெல்த் என்று இந்த மூன்றையும் பிரிப்பார்கள். எந்த ஆயுதம், எந்தக் கோணத்தில் கேமரா, ஒருவரை ஆட்டுகிறோமா ஒரு படையையே ஆட்டுகிறோமா என்றெல்லாம் வைத்து விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் தேவைப்பட்டதில்லை. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆக்‌ஷனில் நாம் எதிரியைப் பார்க்கிறோம், எதிரியும் நம்மைப் பார்க்கிறான். கை முந்தியவன் பிழைத்தான். ஸ்ட்ராட்டஜியில் இரண்டு பேருக்கும் மற்றவன் என்ன செய்கிறான் என்று தெரியாது, ஊகித்தவன் பிழைத்தான். ஸ்டெல்த்தில் நாம் அவனைப் பார்க்கிறோம், அவன் நம்மைப் பார்க்கக் கூடாது. இந்த மூன்று ஏற்பாட்டையும் அந்தக் காலத்துச் சின்னக் கம்ப்யூட்டர்களில் எப்படிச் சாதித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம்.

சுடுகிற கேமில் டூமிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து மெஸ்கீட் என்ற ஊரில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம், 1993 டிசம்பர் 10 அன்று அதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் ஏற்றியது. காத்திருந்த கூட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கே படுத்துவிட்டது. முதல் 9 கட்டங்கள் இலவசம். பிடித்திருந்தால் பணம் அனுப்பி மீதியை வாங்கிக்கொள்ளலாம். 386 பிராசசர், 4 எம்பி ரேம் இருந்தால் ஓடும். இன்றைக்கு ஒரு செல்ஃபோன் போட்டோவே அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

டூம் முப்பரிமாணம் போலத் தெரியுமே தவிர, முழு முப்பரிமாணம் கிடையாது. ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை கட்ட முடியாது. தலையைத் தூக்கி மேலே பார்க்க முடியாது. மேட்டில் நிற்கும் பூதத்தைச் சுட வேண்டுமென்றால் அதன் திசையில் துப்பாக்கியைத் திருப்பினால் போதும், உயரத்தை கேமே பார்த்துக்கொள்ளும். இவ்வளவு விட்டுக்கொடுத்ததால்தான் அந்த வேகம் கிடைத்தது. புரோகிராமர் ஜான் கார்மேக், 1980-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்த உத்தியை எடுத்துக்கொண்டார். வரைபடம் முழுவதையும் முன்கூட்டியே வெட்டி வகைப்படுத்தி வைத்துவிட்டால், ஆடும்போது எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்று கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பூதங்களின் காதைப் பற்றி. 1997-ல் டூமின் மூல நிரலை கார்மேக் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதைப் பார்த்தால் விஷயம் புரிகிறது. நாம் ஒரு குண்டு சுட்டதும் அந்தச் சத்தம் நாம் நிற்கும் அறையை நிறைக்கிறது. திறந்திருக்கும் வாசல் வழியாக அடுத்த அறைக்குப் போகிறது. அங்கிருந்து அதற்கடுத்த அறைக்கு. மூடிய கதவு வந்தால் நின்றுவிடும். சத்தம் போய்ச் சேர்ந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பூதமெல்லாம் எழுந்துகொள்ளும். நடக்கிற சத்தமோ ஓடுகிற சத்தமோ எதன் காதிலும் விழாது. முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பூதத்தின் பின்னால் நாம் ஓட்டப்பந்தயமே வைக்கலாம். ஒரு குண்டு சுட்டால் போச்சு.

எழுந்த பிறகு இன்னொரு வேடிக்கை. டூம் பூதத்துக்கு மறதியே கிடையாது. பத்துச் சுவர் தாண்டிப் போய் ஒளிந்தாலும், நாம் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வழி தெரியாமல் முட்டி மோதும், ஆனால் திசை தப்பாது. அதன் கவனத்தைத் திருப்ப ஒரு வழிதான் உண்டு. ஒரு பூதம் எறிந்த நெருப்பு நம்மேல் படாமல் வேறு இனத்துப் பூதத்தின்மேல் பட்டுவிட்டால், அடி வாங்கியது நம்மை விட்டுவிட்டு அதன்மேல் பாயும். கெட்டிக்காரப் பையன்கள் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்று, விலகிக்கொண்டு, சண்டை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். சென்டரில் அதைச் செய்துகாட்டிய ஒரு பத்தாம் வகுப்புப் பையன், ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் ஓர் அறையையே காலி பண்ணினான்.

இந்த ஐடி சாஃப்ட்வேர் டூமுக்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட உல்ஃபென்ஸ்டைன் 3டி-க்கு ஒரு முன்கதை உண்டு. 1981-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக சைலஸ் வார்னர் என்பவர் 'காசில் உல்ஃபென்ஸ்டைன்' என்று ஒரு கேம் எழுதினார். நாஜிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட கைதி, காவலர்களிடம் துப்பாக்கியைக் காட்டி மிரட்டுவான், பையைத் துழாவுவான், சீருடையைத் திருடிப் போட்டுக்கொள்வான், தப்பிப்பான். காவலர்கள் ஜெர்மன் மொழியில் கத்துவார்கள். அந்த மெஷினில் மனிதக் குரல் வருவதே அன்றைக்கு அதிசயம். இதைச் சின்ன வயதில் ஆடி வளர்ந்த ஐடி சாஃப்ட்வேரின் ஜான் ரொமேரோவும் கூட்டாளிகளும், தங்கள் புதுப் பதிப்பிலும் பிணத்தை இழுத்து மறைப்பது, பையைத் துழாவுவது எல்லாம் வைக்கத்தான் நினைத்தார்கள். வைத்தும் பார்த்தார்கள். ஓடிச் சுடும் வேகத்துக்கு அது முட்டுக்கட்டையாக இருந்தது, தூக்கிப் போட்டுவிட்டார்கள். பதுங்கிப் போகும் கேமாகப் பிறந்தது பாய்ந்து சுடும் கேமாக மாறியது இப்படித்தான். பதுங்குகிறவர்கள் பாடு அதன்பின் சில வருடங்கள் திண்டாட்டம்தான்.

ஸ்ட்ராட்டஜி பக்கம் வருவோம். எதிரி என்ன செய்கிறான் என்று தெரியாமல் போர் நடத்தும் விளையாட்டு கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தியது. பிரஷ்ய ராணுவ அதிகாரி ஒருவர், ரைஸ்விட்ஸ் என்று பெயர், 1824-ல் தன் நாட்டுப் படை அதிகாரிகளுக்காக ஒரு போர் விளையாட்டை வகுத்தார். மேஜையில் நிலப்படம், அதன்மேல் படைகளுக்குச் சின்னக் கட்டைகள். இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் எழுதிக் கொடுக்கும். உன் படை நிற்கும் இடத்திலிருந்து எதிரியின் எந்தப் படை கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டும் நடுவர் உனக்குக் காட்டுவார். மீதி இருட்டு.

1999 செப்டம்பரில் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் அந்த நடுவர் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆரம்பிக்கும்போது ஒரு ஊர்மன்றம், மூன்று கிராமத்தார், குதிரையில் ஒரு ஒற்றன். சுற்றிலும் திரை கன்னங்கரேல் என்று இருக்கும். ஒற்றன் போகப் போக இருட்டு விலகும். அவன் அங்கிருந்து நகர்ந்ததும் அந்த இடம் மங்கலாகிவிடும். மரமும் மலையும் தெரியும், புதிதாக யார் வந்தாலும் தெரியாது. அதாவது நாம் பார்ப்பது அந்த இடத்தை நாம் கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலவரத்தை. சென்டரில் ஒரு பாலிடெக்னிக் மாணவன் முக்கால் மணி நேரம் அருமையாக ஆடினான்; வயல், சந்தை, குதிரை லாயம் எல்லாம் கச்சிதம். அவன் ஊருக்குப் பின்னால் காடு. அந்தக் காட்டை ஒருமுறை பார்த்ததோடு சரி. நண்பன் அதே காட்டுக்குப் பின்னால் ஒரு கோட்டையைக் கட்டி முடித்து, அதிலிருந்து படையைத் திரட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் ஊர் எரியும்போதுதான் இவனுக்குத் தெரிந்தது. "அண்ணே, இவன் என் ஸ்க்ரீனைப் பாத்துட்டான்ணே" என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தான். கேபின் தட்டி இருந்த உயரத்துக்கு அது நடக்காத காரியமில்லை.

இந்த கேமை லேனில் போட்டு நான்கு பேர் ஆடும்போது சில சமயம் எல்லோருடைய திரையிலும் 'அவுட் ஆஃப் சிங்க்' என்று ஒரு அறிவிப்பு வந்து ஆட்டமே நின்றுவிடும். கேபிளைப் பிடுங்கிச் சொருகிப் பார்ப்போம். ஹப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அது கேபிள் சமாசாரமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது பல வருடங்கள் கழித்து, இந்த கேமை உருவாக்கிய டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டுடியோஸ் ஆட்கள் பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தபோது. அன்றைய டயல்-அப் மோடத்தில் நொடிக்கு 28.8 கிலோபிட்தான் போகும். அதில் எட்டுப் பேர் ஆட வேண்டும். ஆளுக்கு நூற்றுக்கணக்கான வில்லாளிகள், குதிரைகள், கப்பல்கள். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று அனுப்ப ஆரம்பித்தால் மோடம் திணறிப்போகும்.

அவர்கள் செய்தது இதுதான். எது எங்கே இருக்கிறது என்பதை அனுப்புவதே இல்லை. ஆடுகிறவர் இட்ட கட்டளையை மட்டும் அனுப்புவது: 'இந்த வில்லாளிகள் அந்தப் பாலத்துக்குப் போகட்டும்', அவ்வளவுதான். ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரும் முழுப் போரையும் தனித்தனியாக, ஒரே மாதிரி நடத்திக்கொள்ளும். தற்செயல் எண்கள்கூட எல்லா மெஷினிலும் ஒரே வரிசையில் வரும். காலத்தைச் சுமார் 200 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டி, இந்தத் துண்டில் இட்ட கட்டளையை இரண்டு துண்டு கழித்து நிறைவேற்றுவார்கள்; அதற்குள் அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இந்த அளவுத் தாமதம் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை என்று சோதித்துப் பார்த்தே இதை முடிவு செய்தார்கள்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லா மெஷினிலும் எல்லாமே இம்மி பிசகாமல் ஒன்றாக நடந்தாக வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது ஒரே ஒரு மான் ஒரு மெஷினில் கொஞ்சம் விலகி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு பக்கமாக மேயும். சில நிமிடங்கள் கழித்து வேட்டைக்குப் போன கிராமத்தான் வேறு வழியில் நடப்பான், அல்லது ஈட்டி குறி தவறி, கறி இல்லாமல் திரும்புவான். ஒரு மெஷினில் சாப்பாடு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அதற்குமேல் இரண்டும் வெவ்வேறு போர். இந்த மான் உதாரணத்தை அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ஹப்பைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு மெஷினும் முழுப் போரையும் நடத்துகிறது என்றால், எதிரியின் கோட்டை எங்கே இருக்கிறது என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கு எப்போதுமே தெரியும். உங்களுக்குக் காட்டாமல் திரை போட்டு மறைக்கிறது, அவ்வளவே. அந்தத் திரையை விலக்கும் திருட்டு புரோகிராம்கள் வந்ததும் அதனால்தான். காட்டுக்குப் பின்னால் கோட்டை கட்டியவனைக் கண்டுபிடிக்க, தட்டிக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை.

கடைசியாக, எனக்குப் பிடித்த வகை. 1987-ல் ஜப்பானில் ஹிதியோ கோஜிமா என்ற இளைஞரிடம், எம்எஸ்எக்ஸ் 2 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு போர் கேம் செய்யச் சொன்னது கொனாமி நிறுவனம். அந்த மெஷினில் ஒரே வரிசையில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வந்தால் மீதி திரையில் தெரியாது. எதிரிப் படையும் பறக்கும் தோட்டாவும் காட்டினால் பாதி மறைந்துபோகும். சுடும் போரே காட்ட முடியாது என்றான பிறகு, எதிரியின் கண்ணில் படாமல் போகும் போரைக் காட்டலாமே என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் 'மெட்டல் கியர்'.

ஆனால் பதுங்குவதை உண்மையிலேயே பயமாக்கியது 1998 இறுதியில் வந்த 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்'. மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் தயாரிப்பு. காரட் என்ற திருடன். பணக்காரர் மாளிகைக்குள் நுழைந்து திருடிக்கொண்டு வர வேண்டும். திரையின் அடியில் ஒரு மணி இருக்கும், ரத்தினம் போல. நாம் வெளிச்சத்தில் நின்றால் அது ஜொலிக்கும், இருட்டில் நின்றால் கறுத்துவிடும். தீவட்டியை அணைக்கத் தண்ணீர் அம்பு. தரைக்குத் தரை சத்தம் மாறும். கம்பளத்தில் நடந்தால் ஒன்றும் கேட்காது. பளிங்கில் நடந்தால் டக் டக் என்று வீடே எழுந்துகொள்ளும். பளிங்குக் கூடத்தைக் கடக்க வேண்டுமானால் பாசி அம்பை எய்து, தரையில் பச்சைப் பாசி படரவிட்டு, அதன்மேல் நடக்க வேண்டும். டூமில் பூதங்களுக்குக் கேட்காத காலடி இங்கே கழுத்துக்குக் கத்தி.

இந்த மாளிகைக் காவலர்கள் டூம் பூதத்துக்கு நேர்மாறு. சந்தேகப்படுவார்கள், தேடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். ஏதோ சத்தம் கேட்டால் தனக்குத்தானே முணுமுணுப்பார்கள்; தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று சலித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அந்த முணுமுணுப்பு நமக்காக வைத்தது. அவன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாவிட்டால் ஒளிந்திருப்பதில் சுவாரசியமே இருக்காது. காவலர்களின் புலன்களை எழுதிய டாம் லெனார்ட் பின்னாளில் அதை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு காவலனுக்கும் பார்வைக் கூம்புகள் பல. நேர் எதிரே கூர்மையாகவும், ஓரங்களில் மந்தமாகவும். முதுகுக்குப் பின்னால்கூட ஒரு சின்னக் கூம்பு உண்டு. ஒருவன் பின்னாலேயே நாம் ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நடந்தால் அவனுக்கு உள்ளுணர்வு தட்ட வேண்டும் அல்லவா, அதற்காக. மிகக் கடினமான நிலையில் ஆடினால் யாரையும் கொல்லக் கூடாது, கொன்றால் தோல்வி. திருடனுக்கு அதுதான் தொழில் தர்மம் என்று வைத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

எங்கள் சென்டரில் தீஃப் ஓடவில்லை. ஹெட்செட் இல்லாமல் அதை ஆட முடியாது. எங்களிடம் இருந்த ஹெட்செட்டுகளில் பாதிக்கு ஒரு காதுதான் வேலை செய்யும். எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பதுங்கக் கற்றுக்கொடுத்தது ஸ்பெயின் நாட்டுச் சரக்கு: மாட்ரிட் நகரத்து பைரோ ஸ்டுடியோஸ் 1998-ல் வெளியிட்ட 'கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ்'. இரண்டாம் உலகப்போர், ஆறு பேர், 20 மிஷன். கத்தியும் தோள்பலமும் உள்ள கிரீன் பெரே, நீந்தத் தெரிந்த மரைன், குறிபார்த்துச் சுடுகிற ஸ்னைப்பர், வெடிவைக்கிறவன், வண்டியோட்டி, எதிரிச் சீருடை போட்டுக்கொள்ளும் உளவாளி. ஆறு பேரில் ஒருவன் செத்தாலும் மிஷன் போச்சு.

தீஃபில் காவலனின் பார்வையை நாம் ஊகிக்க வேண்டும். கமாண்டோஸில் அதை வரைந்தே காட்டிவிடுவார்கள். ஒரு சிப்பாயைத் தேர்ந்தெடுத்தால் அவன் கண்ணிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு கூம்பு விரிந்து, தலையைத் திருப்பத் திருப்ப அதுவும் துழாவிக்கொண்டே இருக்கும். கூம்பில் இரண்டு பகுதி. பக்கத்தில் இருக்கும் பகுதியில் எப்படி வந்தாலும் மாட்டுவோம். தூரத்துப் பகுதியில் நிமிர்ந்து நடந்தால் மாட்டுவோம், தரையோடு ஊர்ந்தால் தெரியாது. எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனம் இதில்தான்: ஒரே சமயத்தில் ஒருவனுடைய கூம்பு மட்டும்தான் தெரியும். இரண்டாவது ஆளின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மனசுக்குள் வைத்திருக்க வேண்டும். கண்ணாமூச்சியில் கட்டின கண்ணை நாம் பார்த்துக்கொண்டே ஆடுவது மாதிரி.

நார்வேயில் நடக்கும் முதல் மிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் மூன்று பேர். நடுவில் ஆறு. மரைன் தண்ணீருக்குள் முங்கினால் யாருக்கும் தெரியாது; தலை தூக்கும்போதுதான் வம்பு. கரையில் ஒருவன் நடைபோடுகிறான். கொஞ்சம் தள்ளி இன்னொருவன் அவனையே பார்த்தபடி நிற்கிறான். முதலில் நிற்கிறவன் எந்தெந்தப் பக்கம் திரும்புகிறான் என்று கவனிக்க வேண்டும். அவன் அந்தப் பக்கம் திரும்பும் இடைவெளியில் நடக்கிறவனை முடிக்க வேண்டும். முடித்த கையோடு கிரீன் பெரே அந்த உடலைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் மறைவில் போட வேண்டும். பையன்கள் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள்; ரோந்து வருகிறவன் பார்ப்பான், அலாரம் அடிக்கும், பாசறையிலிருந்து மொத்தக் கூட்டமும் இறங்கும். இன்னொரு கருவி, பீப் பீப் என்று கத்தும் ஒரு சின்ன டப்பா. அதை வைத்துவிட்டு ஒளிந்துகொண்டால் சிப்பாயின் கவனம் அந்தப் பக்கம் போய்விடும். இந்த ஒரு டப்பாவை எங்கே வைப்பது என்று இரண்டு பையன்கள் ஒரு மணி நேரக் காசைத் தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன். மவுஸைத் தொடவே இல்லை. திரையில் விரல் வைத்து வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே அதிகம் ஓடியது எது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் 'ப்ராஜெக்ட் ஐஜிஐ'. நார்வே நாட்டு இன்னர்லூப் ஸ்டுடியோஸ் தயாரித்து 2000 டிசம்பரில் வந்தது. "அண்ணே, ஐஜிஐ இருக்கிற சிஸ்டம் குடுங்கண்ணே" என்றுதான் வருவார்கள். அதே நிறுவனம் அதற்கு முன்பு போர்விமானம் ஓட்டும் கேம் செய்திருந்தது. அந்த எஞ்சினையே இதற்கும் பயன்படுத்தியதால் மலை, வெட்டவெளி எல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். நாம் ஆட்டும் டேவிட் ஜோன்ஸ் தனியாளாகப் போவான். மேட்டில் படுத்து பைனாகுலரில் முகாமைப் பார்ப்பது, கேமராவை அணைப்பது வரை ஸ்டெல்த்; ஒரு அலாரம் அடித்ததும் அசல் ஆக்‌ஷன். நடுவில் சேவ் செய்யவே முடியாது. மிஷனின் கடைசி வாசலில் செத்தாலும் முதலிலிருந்து. மோசமான முடிவு என்று அன்றைக்கு விமர்சகர்கள் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேவ் இருந்திருந்தால் ஒரு பயலும் பைனாகுலரைத் தொட்டிருக்க மாட்டான். கல்லாவில் இருந்த எனக்கு அதில் வேறு லாபமும் உண்டு: "தம்பி, டைம் முடிஞ்சிருச்சு" என்றால், "அண்ணே, இன்னும் ஒரு அர மணி நேரம்ணே" என்று உடனே பத்து ரூபாய் நீளும்.

இப்போது வரும் பதுங்கல் கேம்கள் பலவற்றில் ஒரு பொத்தானை அமுக்கினால் சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிரியெல்லாம் பளிச்சென்று தெரிகிறான். 2009-ல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' அதைப் பிரபலமாக்கியது. அருமையான கேம்தான். ஆனால் எல்லோருடைய கூம்பும் எல்லா நேரமும் தெரிந்துவிட்டால் மனசுக்குள் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

லுக்கிங் கிளாஸ் 2000 மே மாதம் மூடப்பட்டது. என்செம்பிள் 2009 தொடக்கத்தில். ஆனால் கேம்கள் சாகவில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ 2019-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் அதற்கு இந்திய அரச மரபுகள் பற்றி ஒரு இணைப்பு வந்தது. அதில் திராவிடர் என்று ஒரு தரப்பு. சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு. கிராமத்தானைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். அன்றைக்கு எங்கள் சென்டரில் இது வந்திருந்தால் கேபின் போதாமல் போயிருக்கும்.

ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: திருட்டு சிடி காலம் போய்விட்டது, தேவையும் இல்லை. ஜிஓஜி, ஸ்டீம் போன்ற தளங்களில் பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து விற்கிறார்கள். தள்ளுபடி நேரம் பார்த்து வாங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று, நான் இப்போது இருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கமாண்டோஸுக்கும் டூமுக்கும் வேண்டாம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பே தாராளம். டூமின் முதல் 9 கட்டங்கள் இன்றைக்கும் இலவசம். பதுங்கல் பிடித்தவர்களுக்கு, தீஃப் ரசிகர்கள் சேர்ந்து உருவாக்கிய 'தி டார்க் மாட்' முழுக்க இலவசம், ஆனால் அதற்குக் கொஞ்சம் நல்ல மெஷின் வேண்டும். பிள்ளைகளுக்கு வாங்குவதானால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் தொடங்குங்கள். டூம் பெரியவர்களுக்கு மட்டும். தீஃபோ டார்க் மாடோ எதுவானாலும், இரண்டு காதும் வேலை செய்யும் ஹெட்செட் ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள்.